கயிறு மாற்றின மாடு

அன்பு மகள் ரமாபாய்க்கு வியாசர்பாடியிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி மகிழினியும் பூனாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலி தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது. போனில் சொன்னால் நடுவில் பேசி என்னைத் தப்பிக்க வைப்பாய், அதனால் எழுதுகிறேன். நெட்டுக்குப்பத்துக்கு மாடு வாங்கப் போன அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான், மாட்டுக்காரர் நீலமேகம், அவர் சம்சாரம் பட்டம்மாள், வண்டிக்கார டில்லிபாபு, இரண்டு பைக்கில் வந்த நாலு பேர். அந்த நாலு பேர் பெயர் தெரியாது, முகம் சாகிறவரைக்கும் மறக்காது.

நெட்டுக்குப்பத்து நீலமேகம் உன் அப்பா காலத்திலிருந்து நம் கறிக்கடைக்கு மாடு கொடுக்கிறவர். பத்து மாடு நின்ற கொட்டகையில் இப்போது நாலுதான். புல்லெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது, தெருவில் விட்டால் கார்ப்பரேஷன்காரர்கள் பிடித்துப் போகிறார்கள், கிழ மாட்டை விற்றால்தான் கன்றுக்குத் தீவனம், விற்கலாம் என்றால் மாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று கும்பலாக வழிமறிப்பார்கள் என்று எந்த வண்டிக்காரனும் வருவதில்லை, டில்லிபாபு ஒருவன்தான் வருகிறான். அன்றைக்கு வாங்கினது வண்டி இழுத்துத் தேய்ந்த எருது. நம் தொழிலில் விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டுவார், கட்டின பிறகு அந்த மாட்டுக்கு எது வந்தாலும் கட்டினவர் பொறுப்பு, இது உனக்கும் தெரியும். என் பச்சைக் கயிற்றை என் கையால்தான் கட்டினேன். மாட்டை ஏற்றிப்போகலாம் என்று மாட்டு டாக்டர் கொடுத்த சீட்டும் என் பெயரில் என் பையில் இருந்தது.

வண்டியில் ஏற்றப் போகும்போது அந்த நாலு பேரும் வந்தார்கள். ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே "யார் மாடு இது, எங்க இட்டுகினு போறீங்கோ" என்றான். நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாதுப்பா, நான் மீன் வாங்க வந்தவ என்றேன். "இன்னா ஆயா, கூடையக் காணோம்" என்று அவன் சிரித்தான். நீலமேகம் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என் மாடுதாம்பா, அவங்கள இன்னாத்துக்குக் கேக்குற" என்றார். சீட்டு எங்கே என்று கேட்டு அவர் கன்னத்தில் அறைந்தான். அப்போதும் நான் பையைத் திறக்கவில்லை. அந்தப் படம் பூனா வரைக்கும் வந்து உன் வாடகை வீட்டு ஓனர் பார்த்துவிடுவாரோ என்று நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம், அது பொய். அடிக்குப் பயந்தேன்.

சீட்டு இல்லாமல் மாடு ஏற்றினதாக நீலமேகம் மேலும் டில்லிபாபு மேலும் கேஸ், மாட்டை எங்கேயோ காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போன வாரம் நீலமேகம் வந்தார். மாட்டைக் கொண்டுபோகும்போது அவிழ்த்துப் போட்ட என் கயிற்றைத் துவைத்துச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். "வேம்பக்கா, உங்க கயிறு" என்று கடைப் பலகையில் வைத்தார். எப்போதும் டீ குடித்துவிட்டுப் போகிற மனுஷன், தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். மீதி மூன்றையும் தள்ளிவிடப் பட்டம்மாள் ஆள் பார்க்கிறாளாம், இனி அந்தக் கொட்டகையில் மாடு நிற்காது.

நீ வாடகை வீட்டுக்காக, நாங்கள் கறியே தொடமாட்டோம் என்று ஓனரிடம் சொன்னதற்கு உன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ரயிலேறி எட்டு மாதம் பேசாமல் இருந்தேனே, அது இப்போது என்னைக் குத்துகிறது. நீ மறைத்ததற்கு வேறு யாரும் அறை வாங்கவில்லை. இனி நீ ஜன்னலை மூடிக் கறி சமைத்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

திங்கட்கிழமை சீட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மாடு என்னுடையது என்று சொல்லப் போகிறேன். "இப்ப போனா உன்னியும் உள்ள சேத்துக்குவாங்க ஆயா" என்கிறான் டில்லிபாபு. சேர்த்துக்கொள்ளட்டும். நீ போன் போட்டுத் தடுக்காதே.

மகிழினிக்குச் சளி என்றாயே, தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு. மூன்று பேரும் மகராசியாக மகராசனாக நிறைந்து வாழுங்கள். அந்த நாலு பேரை, கேஸ் போட்டவர்களை, எல்லாரையும் ஒரு காலத்தில் மன்னித்தாலும் மன்னிப்பேன். ஒருத்தியை மட்டும் மாட்டேன், அவள் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன்.

வேம்பு