பிரசிலியா நேரம் ஒரு மணி

வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதவிருக்கும் மாண்புமிகு ஜுசிலேனி அவர்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது: தேர்வு மையத்தின் கதவு பகல் ஒரு மணிக்கு மூடப்படும். அது தலைநகர் பிரசிலியாவின் நேரம். நம் ரியோ பிராங்கோவில் அப்போது பதினொன்றுதான். இங்கே சூரியன் தாமதமாக வருவது விதிமீறல்.

ஐந்து மாதமாக நீ இந்த அப்பாவோடு பேசுவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். சமையலறைக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறேன். இன்று அதை மட்டும் நம்பு. மரவள்ளி அடை மூடிவைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துவிட்டேன். அதில் அரசியல் சாசனத்தையே எழுதிக்கொண்டு வருவாய் என்று தேர்வு நடத்துபவர்கள் பயப்படுகிறார்கள். கைக்கடிகாரத்துக்கும் சாவிக்கும் உள்ளே அனுமதியில்லை; கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடு. வீட்டுச் சாவியை எதிர்வீட்டு சுல்மிராவிடம் கொடு.

போன முறை நேரக் கணக்கு தாமதமாகப் புரிந்து ஓடிவந்தாய். தாமதமாக வருபவர்களை வேடிக்கை பார்க்கவே வாசலில் நாற்காலி போட்டிருந்தவர்கள், "ஓடு வக்கீலம்மா, ஓடு!" என்று கூவிக்கொண்டே படம்பிடித்தார்கள். "ஏங்க, ஒரே நிமிஷம், கதவைப் புடிங்க!" என்று கத்தினாய். பத்தடிதான் இருந்தது. தேர்வு நடக்கும் அந்தப் பள்ளியின் காவலாளி நான். பூட்டினேன்.

வக்கீல் அலுவலகத்தில் உனக்காக வைத்திருக்கும் வேலை, இந்த முறையும் தேறாவிட்டால் போய்விடும் என்பதும் தெரியும்.

ஓரத்தில் எழுதுவது: அடையாள அட்டையின் நகல் செல்லாது, அசல் வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பேருந்து குறைவு. சமையலறைக் கடிகாரத்தில் பதினொன்று ஆனதும் கிளம்பிவிடு.

இந்த முறையும் கதவில் நான்தான். ஒரு மணிக்குப் பூட்டிவிடுவேன்.