பெரிய டயர் போட்ட லாரி

மார்ச் 4

என் அருமை மகளுக்கு,

இன்று ஏற்றத்தில் ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் லாரியை முந்திவிட்டார். போகிற போக்கில், “அண்ணே, பின்னாடி தள்ளிவிடவா?” என்று வேறு கேட்டார். நான் ரேடியோ திருகுவதுபோல் குனிந்துகொண்டேன். ரேடியோ கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

எல்லாம் நான் ஆசைப்பட்டுப் போட்ட பெரிய டயர்களால் வந்தது. பார்க்க யானை மாதிரி இருக்கிறது; இழுவை மட்டும் ஆமை. உன் அம்மா வண்டியில் ஏற ஸ்டூல் கேட்கிறாள். இங்குள்ள மெக்கானிக் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பால்காரரை நினைத்துச் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள். இன்ஜின்மேல் பழி போடாதீர்கள். டயர் பெரிதானதால் பழைய பற்சக்கரம் இழுக்கத் திணறுகிறது. பின் அச்சு நடுவே டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்று இரண்டு பற்சக்கரம் இருக்கும். அவற்றை ஜோடியாக மாற்றினால் போதும். பழைய டயரை மறுபடி மாட்டினாலும் போதும்தான், ஆனால் உங்களை எனக்குத் தெரியாதா?

ஒரு விஷயம். நான் வேலை செய்யும் இந்தப் பட்டறையில் டிஃபரன்ஷியலை என்னைத் தனியாகப் பிரிக்க விட்டதில்லை. வண்டிக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் செய்யலாம் என்கிறார் முதலாளி. இதுவரை யாரும் போடவில்லை. பல் சரியாகப் பொருந்தாமல் ஊளையிட்டால் நான் திரும்ப ஆயில் மாற்றும் வேலைக்கே போக வேண்டியதுதான்.

கொண்டுவருவீர்களா? நீங்கள் அப்பா என்று முதலாளிக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரிந்தால், “அப்பன் வண்டிதானே” என்று என் வேலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதனால் வாடிக்கையாளராக வாருங்கள். வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 29

என் அருமை மகளுக்கு,

உங்கள் பட்டறையில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை நான் மூன்று முறை படித்ததை நீ பார்த்திருப்பாய். வண்டி போனால் நம் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்ற பயம். ஒளிப்பானேன்?

வாயைக் கட்டினேன், இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. “பாப்பா, சாப்டியா?” என்று வந்துவிட்டது. எல்லாரும் திரும்பவும், “நீங்கல்லாம் சாப்டீங்களாப்பா?” என்று பட்டறை முழுக்க விசாரிக்க வேண்டியதாயிற்று. என்னை ரொம்ப நல்லவன் என்று நினைத்துவிட்டார்கள்.

நீ பல்லில் மஞ்சள் மை தடவி, சக்கரத்தைச் சுற்றி, பல்லோடு பல் பதிந்த தடம் பார்த்தாய். காகிதம்போல ஒரு தகட்டை மாற்றி மறுபடி பார்த்தாய். மூன்றாம் முறை உன்னோடு வேலை செய்யும் அந்த மீசைக்காரர், “போதும்மா, மூடு. யாரு பாக்கப் போறா?” என்றார். “பல்லு பாக்கும்ணே” என்று சொல்லிவிட்டு நான்காம் முறையும் கழற்றினாய். நானாக இருந்தால் முதல் முறையே மூடி, மேலே ஒரு கும்பிடும் போட்டிருப்பேன்.

“முதல் எண்ணூறு கிலோமீட்டருக்கு லோடு ஏத்தாதீங்க, சார்” என்றாய். ஏற்றவில்லை. காலி லாரியில் சும்மா சுற்றுகிறேன் என்று தெருவே சிரித்தது. பிறகு ஆயிலையும் மாற்றினேன்.

நேற்று முழு லோடோடு ஏற்றம் ஏறினேன். ஊளை இல்லை, உறுமல் இல்லை. உன் அம்மா பேசுவதுகூட நன்றாகக் கேட்டது, அது ஒன்றுதான் குறை. பால்காரரை முந்தும்போது ஹாரன் அடித்தேன்; அது என் புத்தி. சத்தம் இல்லை என்று உன் முதலாளிக்குத் தனித்தாளில் எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக் கொடு.

இன்னொன்று. அன்றைக்கு நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, பக்கத்தில் தன் வண்டிக்காகக் காத்திருந்தவர் டீயைக்கூடக் குடிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன கை பாருங்க! யாரு பெத்த பொண்ணோ?” என்றார். “ஆமாங்க” என்று தலையாட்டி, சூடு பார்க்காமல் என் டீயை வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்துபோனது. வெந்த நாக்கில் சொல்லாமல் நின்றது இதுதான்:

“நான் பெத்த பொண்ணுங்க.”

அப்பா