எப்பவுமே இப்படித்தான் என்று சொன்னேன்

மச்சான்,

இன்று காலை மருமகள் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியில் உன் கத்திக் கீறல்களைப் பார்த்தேன். முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு. விடிந்ததும் அந்தக் கழியை ஏரியில் ஊன்றி ஆழம் பார்த்துவிட்டு, வீடு வீடாக வந்து கத்துவாயே: "எக்கா, இன்னிக்கு இடுப்பு!" கடலுக்குப் போகிறவர்கள் வாசலிலும் கத்துவாய். அங்கே ஒரு கிழவி, "கடலுக்கு இன்னாடா இடுப்பு?" என்று விளக்குமாற்றைத் தூக்குவாள். நீ சிரிக்காமலே சொல்வாய்: "கடலுக்குக் கழி பத்தல ஆயா, செஞ்சினு இருக்கேன்."

என் நைனா காலத்தில் உன்னைப் போன்றவர்களைக் காற்று பிடித்தவன் என்று வேப்பிலையால் அடிப்பார்களாம். நம் காலத்தில் "அவன் ஒரு மாதிரி" என்று விட்டுவிட்டோம். உன்னைக் கிண்டல் செய்த ஆரம்பாக்கத்துக்காரன் ஒருவனோடு நான் சந்தையில் கட்டிப் புரண்டதும் உண்டு. யார் ஜெயித்தது என்று இன்னும் சொல்ல முடியாது. அது கிடக்கட்டும்.

ஒருநாள் கத்துவதை நிறுத்தினாய். பிறகு உன் பாடு வந்தது. சீட்டுக் குலுக்கி, ஏரியில் வலை போட விழுகிற முறை அது; காய்ச்சலில் கிடந்தாலும் எவனும் விடமாட்டான். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "இது புதுக் கூத்துடா!" என்று குப்பமே சிரித்தது. நானும்தான்.

உன் தங்கச்சி மட்டும் என்னைப் பிடித்து உலுக்கினாள். "இது கூத்து இல்லய்யா. அண்ணன் சோறு துன்னு நாலு நாளாவுது."

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் என்னைத்தான் கேட்டார். "இவர் எப்பவுமே இப்படியா, இல்ல இப்ப மாறினாரா?" நான் முழித்ததைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். "அந்தக் காலத்துல வித்தியாசமா இருந்தாலே நோய்னு சொல்லிப் பூட்டி வெச்சாங்க. சுபாவம் வேற, நோய் வேறன்னு புரிய ரொம்ப நாளாச்சு. சுபாவம்னா கூடவே வளர்ந்திருக்கும், அவரையும் வருத்தாது. அதான் கேக்கறேன்."

பூட்டி வைப்பது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "எப்பவுமே இப்படித்தான் சார்" என்றேன். உன் தங்கச்சி ஏதோ சொல்ல வந்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து வந்தாய். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் வற்றிப்போய்ச் செத்துப் போனாய்.

"மாறிட்டான் சார்." இரண்டே சொல். இன்னும் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன் தங்கச்சி இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. சோறு போட்டால், நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.