கீழ் வீடு, இரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

முப்பதாம் தேதிக்குள் பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். கட்டடத்தில் பழுது பார்க்கப் போகிறார்களாம். எல்லோரும் கூடி நின்று திட்டினார்கள். நானும் நின்றேன். திட்ட ஒன்றும் தோன்றவில்லை.

வீடு தேடுவது எனக்குப் புதிதில்லை. ஜனவரியில் அம்மாவுக்காகத் தேடினேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து வந்து போக முடியாது, என்னோடு வந்து இருக்கட்டும் என்று முடிவு. பிப்ரவரியில் அம்மா இறந்துவிட்டாள். வீடு தேடிய நோட்டு மட்டும் அலமாரியில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5

வீடு பார்க்க வானொலியும் கூட வருகிறேன் என்கிறாள். என் அறைத்தோழி. வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும், அதனால் அந்தப் பெயர். அவளுக்கென்ன, அத்தை வீடு இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

பஸ் நிலையத்துக்குப் பின்புறம் பார்த்தோம். எல்லாம் பக்கம்தான், ஹாரன் உள்பட. ரயில் பாதையோரம் ஒரு வீடு. ரயில் போனால் மேசையில் டம்ளர் நகர்கிறது. வீட்டுக்காரர் "பழகிடும்மா" என்றார். அவரே கத்தித்தான் பேசுகிறார்.

கடைசியாக ஆஸ்பத்திரிச் சாலை. அமைதி. கீழ் வீடு, வாசலில் படியே இல்லை, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இதுதான் என்று நோட்டில் இரண்டு கோடு போட்டேன்.

அப்பா போன். "சாப்பிட்டியா? உடம்பப் பாத்துக்கோ. வெச்சிடவா?" எல்லா ஞாயிறும் இதே மூன்று. நான் "ம்".

ஜூன் 11

நான்கு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. கல் நெஞ்சோ?

ஜூன் 14

ஆஸ்பத்திரிச் சாலை வீட்டுக்குப் பேசி முடிக்கப் போனோம். வீட்டுக்காரம்மா கேட்டார்: "எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர். நானும் அம்மாவும்."

நான்தான் சொன்னேன். திக்கவில்லை, யோசிக்கவில்லை. "அப்ப அம்மாவ ஒருதடவ கூட்டிட்டு வா, பாக்கட்டும்" என்றார். சரி என்றேன். சரின்னு சொல்றேன்!

பஸ் நிறுத்தம் வரை வானொலி வாய் திறக்கவில்லை. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஜனவரியில் முதல் பக்கத்தில் நான் எழுதியது: கீழ் வீடு. படி கூடாது. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். "இங்கருந்து நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும்டி" என்றாள். "உனக்கு என்ன வேணும்? உனக்கு."

தெரியல. நெஜமாவே தெரியல. இத்தனை நாளா யாருக்கு வீடு பாத்துட்டு இருந்தேன்?

ஜூன் 17

வீட்டுக்காரம்மாவுக்கு வேண்டாம் என்று போன் செய்துவிட்டேன். "அம்மாவுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

ஜூன் 21

பல்கலைக்கழகப் பின்வாசல் தெரு. ஜெராக்ஸ் கடைகள், சைக்கிள் கடை, தெரு முழுக்க எங்களைப் போன்ற தூக்கம் கெட்ட மூஞ்சிகள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. தரகர் மேலே வந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அம்பத்திநாலு படி. வயசானவங்க யாரும் வரமாட்டாங்களே?"

"வரமாட்டாங்க."

போய் ஜன்னலைத் திறந்தேன். காற்று அடித்த அடியில் கதவு தானே சாத்திக்கொண்டது. எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா சாமான்களோடு வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். மேலே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "இவ்ளோ படி. உங்கம்மா ஏறியிருக்கவே மாட்டா" என்றார். அம்மா போனபின் அவர் வாயிலிருந்து "உங்கம்மா" வந்தது இன்றுதான்.

"அதனாலதாம்ப்பா எடுத்தேன். கீழ் வீடுன்னா நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

அப்பா குனிந்தார். போர்வை மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல். அம்மா உட்கார்ந்து குளிக்கிற ஸ்டூல். "எடுத்துட்டுப் போக வேண்டியதுன்னு ஜனவரில அவ எழுதி வெச்ச லிஸ்ட்ல இருந்துச்சு. அதப் பாத்துதான் எல்லாத்தையும் கட்டினேன்... இதையும் சேத்துக் கட்டிட்டேன் போலிருக்கு."

இவரும் இரண்டு பேருக்குத்தான் மூட்டை கட்டியிருக்கிறார். திரும்ப எடுத்துப் போகிறேன் என்றார். இருக்கட்டும்ப்பா என்று வாங்கிக் குளியலறையில் வைத்தேன்.

ஜூன் 30

காலையில் குளிக்கப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழாயைத் திறந்தேன். அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்ததோ. குழாய்ச் சத்தம் இருக்கிறதே என்று வாய்விட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் நூலாகி நின்ற பிறகும் எழுந்திருக்க முடியவில்லை.

இரண்டாம் மாடி அக்கா வந்து கதவைத் தட்டினார். "டேங்க் மொத்தமும் காலி. எத்தனை பேரும்மா இருக்கீங்க உள்ள?"

துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவை ஓரமாகத் திறந்தேன்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நான் ஒருத்திதான்."