மைக் இல்லாத கித்தார்

12-2-1967, ஞாயிறு. உறையூர்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. எங்கள் குழுவில் சேகர் கித்தாரில் மெட்டு வாசிப்பான். நான் பின்னால் உட்கார்ந்து இன்னொரு கித்தாரில் ரிதம் வாசிப்பேன். இன்று எல்லார் எதிரிலும் என் மைக்கைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"சும்மா சரக் சரக்குன்னு தேய்க்கிறதுக்கு மைக் எதுக்குங்க?"

அந்த 'ங்க'வில்தான் எவ்வளவு திமிர்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கித்தாரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தாளம் பிடிக்க ஆளில்லாமல் சேகரின் மெட்டு வேகமெடுத்து ஓடியது. பாடகி கமலா பின்தங்கினாள். தபலாக்காரர் யாரோடு போவதென்று தெரியாமல் விழித்தார். பாட்டு குடைசாய்ந்தது.

கமலா திரும்பினாள். சேகரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தாள்.

முறைக்கட்டும். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் வாசிப்பது அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாளா?