வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது

ஜூன் 9, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன். ஏழு வீடு, ஏழிலும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். செவிலிமேடு தாண்டி ரோடு காலியானதும் கைப்பிடியை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

ஒன்பது மணிக்கு லேபில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்து, சாவியை நீட்டும்போது இவரிடம் சொன்னேன். அதற்கு மேல் வண்டி இவருடையது. போர்வெல் மோட்டார் ரிப்பேருக்கு தாமல், கூரம் என்று சுற்றுவார்.

"இடது பக்கமா? வலது பக்கம்தான் இழுக்குது. பத்து நாளா பாத்துகினு இருக்கேன்."

"இடது."

"உனக்கு ஓட்டத் தெரியல ஏஞ்சல்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. லைசென்ஸுக்கு இவருக்கு எட்டு போடச் சொல்லிக் கொடுத்தது நான். "ரெண்டு தடவ கால ஊனினவரு நீங்க," என்றேன். அத்தை அங்கேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அதுவரை அத்தைக்கு அந்த விஷயம் தெரியாது. நானும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

லேபிலிருந்து வரும் வழியில் மெக்கானிக் தனசேகரனிடம் காட்டினேன். பக்கத்துத் தறி வீட்டில் பாவு நூல் ஒரு துண்டு வாங்கி வந்து, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இழுத்துப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல இல்லம்மா. செயின் டைட் பண்றப்ப ஒரு பக்கம் அதிகமா இழுத்துட்டாங்க."

பின் சக்கரத்தின் நட்டை ஒன்றரைச் சுற்று திருப்பினார். வீடு வரை நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. சாவியை மேசையில் வைத்தேன். ஏன் நேராகிவிட்டது என்று இவரிடம் சொல்லவில்லை. ஓட்டும்போது தெரியட்டுமே.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி இடது. நேற்றைவிட அதிகம். எப்படி?

ஜூன் 14, சனி

இருப்பது ஒரே ஹெல்மெட். காலையில் மாட்டும்போது உள்ளே ஒரு சீட்டு நெற்றியில் குத்தியது. இவர் கையெழுத்து. "பின் டயரில் காற்று 36 வைத்திருக்கிறேன். இறக்க வேண்டாம்."

பின்பக்கம் எழுதி அதே ஹெல்மெட்டில் வைத்தேன். "இறக்கியாகிவிட்டது."

பிறகு நட்டு நிற்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தேன். யார் கை வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஜூன் 17, செவ்வாய்

பொட்டு ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம்.

விசாரித்ததில் தெரிந்தது: இவர் ஒலிமுகமதுபேட்டை டேனியலிடம் போகிறார். தனசேகரன் காலையில் ஒன்றரைச் சுற்று திருப்பினால், டேனியல் மதியம் ஒன்றரைச் சுற்று திருப்பி வைக்கிறார். ஒரு வாரமாக இரண்டு மெக்கானிக்குகள் ஒரே நட்டில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

தெருவுக்கும் தெரிந்துவிட்டது. தெற்குப் பக்கத்து வீடுகள் இடது என்கின்றன, வடக்குப் பக்கம் வலது. இதில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர். எதிர் வீட்டு விக்னேஷ் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நேராதான போகுது?" என்றான். இரண்டு பக்கத்திலும் அவனோடு இப்போது யாரும் பேசுவதில்லை.

அத்தை மட்டும் கட்சி சேரவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது அத்தை முடிவு. தினமும் காலையில் முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஞாயிறு சர்ச்சுக்குப் போகும்போதும் அதே.

ஜூன் 19, வியாழன்

இன்று விழுந்தேன்.

காமராஜர் சாலையில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது வண்டியின் பின்பக்கம் தனியாக ஆடியது. முன்பக்கம் ஒரு வழி போகிறது, பின்பக்கம் வேறு வழி — நான் நடுவில். பிடித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் முழங்கால் தரையில் இருந்தது. பஸ்ஸின் பின் சக்கரம் எவ்வளவு தூரத்தில் போனது என்று எழுத இஷ்டமில்லை. நாலு விரல்.

ஐஸ் பெட்டிக்குள் ஒரு குழாய் உடைந்துவிட்டது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடையது. திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தேன். "இன்னாம்மா, என்னுதே மறுபடி வேணுமா?" என்று கையை நீட்டினார்.  எட்டு வருஷத்தில் ஒரே ஆளிடம் ஒரே காலையில் இரண்டு தடவை எடுத்தது இன்றுதான்.

லேபில் முரளீதரன் சார் முழங்காலைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நிதானமாகத்தான் பேசுவார். "எங்க பெரியப்பா ரெண்டு பேரும் முப்பத்தோரு வருஷம் பேசிக்கலைம்மா. ஜன்னல் கதவு உள்பக்கம் தொறக்கணுமா வெளிப்பக்கமான்னு. கடைசில அந்த ஜன்னலையே சுவர் வெச்சு அடைச்சுட்டா. அப்பவும் பேசலை."

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஓட்டத் தெரியலன்னு சொன்னேனே என்பார். சொல்லட்டும்... இல்ல, சொல்லக் கூடாது. எனக்கு ஓட்டத் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வெயிலில் இவர் மூன்று நாளாக முழுக்கைச் சட்டை. யாரைப் பார்க்கப் போகிறாராம்?

ஜூன் 21, சனி

தனசேகரன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "இனிமே நான் அந்த நட்டத் தொட மாட்டேன்மா. மரை போயிடும். பின்பக்கம் தனியா ஆடுதுன்னா கோளாறு நட்டுல இல்ல. பின் சக்கரத்தப் புடிச்சிருக்கிற கவட்டையில இருக்குது. அது பாடியோட சேர்ற எடத்துல ரெண்டு புஷ் இருக்கும், தேஞ்சிருக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருத்தர் வண்டிய அசையாம புடிச்சுக்கணும். ஒருத்தர் சக்கரத்தக் குறுக்க ஆட்டணும். வீட்லயே பாருங்க. ரெண்டு ஆள் இருக்குது இல்ல?"

அத்தையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். ஆனால் நான் சக்கரத்தைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ரேணுகாம்பாளைக் கூப்பிட ஆரம்பித்தார். வண்டி, அத்தை இரண்டையும் நான் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஹெல்மெட்டில் சீட்டு வைத்தேன்: "நாளை பத்து மணிக்கு வண்டியைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. பேச வேண்டியதில்லை."

சாயங்காலம் பதில்: "வருகிறேன். பேச மாட்டேன்."

ஜூன் 22, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்தேன். பத்து மணிக்கு வாசலில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. இவரும் நின்றார், முழுக்கைச் சட்டையோடு. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள்.

உட்கார்ந்து பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினேன். டக். மறுபடி டக். சக்கரம், கவட்டை எல்லாம் சேர்ந்து ஓர் அரிசி அகலத்துக்கு நகர்கிறது.

"இன்னொரு தடவ ஆட்டு," என்றார்.

பதின்மூன்று நாளில் முதல் பேச்சு. ஆட்டினேன். டக். அவர் கைக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றியது. ஐஸ் பெட்டியை எடுத்து வந்து, நான் தினமும் மாட்டுகிற, பின் சீட்டின் இடது கொக்கியில் மாட்டினேன். சக்கரம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அதைக் கழற்றினேன். இவர் உள்ளே போய் டூல்ஸ் பையை எடுத்து வந்து, தான் தினமும் மாட்டுகிற, பின் சீட்டின் வலது பிடியில் மாட்டினார். டக் என்று வலது பக்கம் சாய்ந்தது.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. இருவரும் சக்கரத்தையே பார்த்தோம்.

"அப்போ ரெண்டு பேர் சொன்னதும் நெசந்தானா?" என்றார் அத்தை. "இதுக்கா நான் தெனம் ஒரு பழம் வெச்சேன்?"

தெருவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றம். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பையைக் கழற்றக் குனிந்தபோது இவர் சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பஞ்சு ஒட்டிய காயம். தப்பாகக் கட்டியிருந்தது. நாலைந்து நாள் பழையது.

"எங்க?"

"கூரம் திருப்பத்துல. செவ்வாக்கெழம."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, எட்டு போடத் தெரியாதவன்னு சொல்லுவ."

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காயத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸு ஏதாவது பின்னாடி வந்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?" என்றார்.

வந்தது என்று சொன்னேன். அதன் பிறகு எழுத ஒன்றுமில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வலித்தது என்று தெரியும். கையை இழுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வண்டி இரண்டு நாளாக டேனியல் கடையில். நான் ஷேர் ஆட்டோ, இவர் பஸ். கவட்டையைக் கழற்றப் பழைய அச்சு வரவே இல்லையாம்; துருப்பிடித்திருந்ததாம். லேத்தில் கொடுத்து எடுத்தார்கள். உள்ளேயிருந்த புஷ்ஷை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் தாள் மாதிரி தேய்ந்திருந்தது.

"இதுக்கு கிரீஸ் வெக்கணும்னே எனக்குத் தெரியாதுபா," என்றேன்.

"எனக்கும்தான்."

ஜூன் 26, வியாழன்

புது புஷ், புது அச்சு. சக்கரத்தை நூல் பிடித்து வைத்துக் கொடுத்தார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் வைக்க வேண்டும். சுவர்க் காலண்டரில் இவர் ஒரு மாதத்தையும் நான் ஒரு மாதத்தையும் வட்டம் போட்டிருக்கிறோம். யார் கணக்கு சரி என்று இன்னும் பேசி முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

உத்திரமேரூரில் இவர் சித்தி மகள் திரிஷாவுக்கு நிச்சயதார்த்தம். போகும்போது இவர் ஓட்டினார். பிரியாணி சாப்பிட்டு, மூன்று மணி வெயிலில் திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். ஓரிக்கை பாலாற்றுப் பாலத்தில் முதுகில் ஏதோ கனமாக விழுந்தது. என்னவோ என்று கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். வேகத்தை முப்பதுக்குக் குறைத்து, பள்ளம் பார்த்து, வீடு வரை எழுப்பாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.