ராஜம் அக்காவுக்கு ஊசி போட்டதை நான் கண்டனான்

என்னுடைய ராஜம் அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. போன வியாழக்கிழமை. நீங்கள் போய் மூன்று வருசமாகிறது; இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதாவிட்டால் இந்தச் செய்தியை வேறு யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

நாங்கள் இருந்த அந்த கிரான்பர்ன் முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள், அக்கா. எனக்கு இப்போது வேறொரு இல்லத்தில் தனி அறை. மகள் கிளென் வேவர்லியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவாள். மற்ற ஆறு நாளும் தமிழில் ஒரு சொல் கேட்க ஆளில்லை. பேத்தியோடு போனில் தமிழில் கதைத்தால் அவள் இங்கிலீசில் பதில் சொல்லுகிறாள். பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து நானே இரண்டு வார்த்தை கதைத்துப் பார்க்கிறேன்.

உங்களுடைய அறைக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் சாவகச்சேரி, நீங்கள் தஞ்சாவூர். நேர்ஸ் பெட்டை என்னவோ கேட்க, நான் "ஓம்" என்றேன். நீங்கள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டீர்கள். "ஏம்மா, நீ தமிழா? ஆமான்னு சொல்லாம ஓம்னு பூசை பண்றே?" என்று கேட்டு அப்படிச் சிரித்தீர்கள். ஏழு மாசமாக யாரோடும் பேசாமல் இருந்தேன், தங்கச்சி, என்று பிறகு சொன்னீர்கள். அந்தப் பின்னேரம் மட்டும் நாலு மணித்தியாலம் கதைத்தோம்.

அவனுடைய பெயரை இதில் எழுத மாட்டேன். எங்கள் பகுதியின் ஆண் நேர்ஸ். எல்லாருக்கும் பிடித்தமானவன். "வணக்கம் அம்மா" சொல்லப் பழகியிருந்தான். உங்கள் மகன் சுந்தர் பொயிண்ட் குக்கிலிருந்து வரும்போதெல்லாம் அவனுக்கென்று தனியாக முறுக்குக் கொண்டுவருவார். "என் பிள்ளையை விட இவன்தான் என்னை நல்லா பாத்துக்கிறான்" என்று நீங்களும்தானே சொன்னீர்கள்?

அன்றைக்குப் பகல் மூன்று மணி இருக்கும். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். அவன் வந்து உங்கள் சட்டையை விலக்கி வயிற்றில் ஒரு பேனையை வைத்து அழுத்தினான். இன்சுலின் பேனை. பன்னிரண்டு வருசமாக என்னுடைய வயிற்றில் நானே குத்துகிற சாமான், எனக்குத் தெரியாதா? வளையத்தைத் திருப்பினால் டிக் டிக் என்று கேட்கும்; எத்தனை டிக்கோ அவ்வளவு மருந்து. எனக்குப் பதினெட்டுத் தரம். உங்களுக்கு அவன் திருப்பினபோது அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

உங்களுக்குத்தான் சீனி வருத்தமே இல்லையே. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்: "ஷீ நோ சுகர். வை?"

சிரித்தான். "விட்டமின், டார்லிங்" என்றான். நான் நம்பினேன், அக்கா. நம்பிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஐந்து மணிக்குச் சாப்பாடு வந்தது. நீங்கள் எழும்பவில்லை. வந்து தொட்டுப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, உடம்பு குளிர்ந்திருந்தது. சீனி இறங்கினால் அப்படித்தான் வேர்க்கும். எனக்கே எத்தனை தரம் வந்திருக்கிறது. மணியை அழுத்தினேன். யார் வந்தது தெரியுமா? அவனே வந்தான். போர்வையை இழுத்து விட்டு, "நல்ல நித்திரை, குழப்ப வேண்டாம்" என்று கையால் காட்டிவிட்டுப் போனான். நான் ஏன் கத்தவில்லை? ஏன் வாசலில் போய் விழுந்து கும்பிட்டாவது இன்னொரு ஆளைக் கூப்பிடவில்லை?

காலையில் கஞ்சி கொண்டுவந்த பிள்ளைதான் கண்டாள். எண்பத்தொரு வயது, இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள்.

உடனே மனேஜரிடம் போனேன். உங்கள் பெயரைச் சொல்லி, வயிற்றைத் தொட்டு, நேர்ஸ், இன்சுலின் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ என் தோளைத் தட்டி, தண்ணி தந்து, கொம்பியூட்டரில் என்னவோ அடித்தா. மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அம்மா, உங்கட சிநேகிதி போன கவலையில நீங்கள் குழம்பிப் போனியள்" என்றாள்.

"எனக்கு அறளை பெயரேல்லை பிள்ளை, புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் கண்டனான்."

"சரி, ஞாயிறு வந்து கதைக்கிறன்."

வந்தாள். வேறு கதை கதைத்தோம். சுந்தரிடம் சொல்லவே விடவில்லை. அதற்குள் உங்களை எரித்தும் விட்டார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாசம் அவன் கையால்தான் எனக்கும் மருந்து. பேனையை நானே பிடுங்கிக் குத்திக்கொள்வேன். அவன் தந்த குளிசைகளை நாக்குக்குக் கீழே வைத்துப் பிறகு துப்பினேன். என்னைப் பிடிவாதக்காரக் கிழவி என்று எழுதினார்களாம். அந்த எட்டு மாசத்தில் இன்னும் மூன்று பேர் போனார்கள். அவர்களில் கடைசி ஆளை மட்டும் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்; அவர் போனது அங்கேதான். அங்கே ஒரு டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இந்த மனிசனுக்கு யார் இன்சுலின் போட்டது என்று கேட்டாராம்.

பொலிஸ் வந்தது. கூடவே ஒரு தமிழ்ப் பிள்ளை, மொழிபெயர்க்க. "அன்ரி, ஆறுதலாச் சொல்லுங்கோ, எங்களுக்கு அவசரமில்லை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை! எல்லாம் சொன்னேன்.

மகள் தள்ள, நீதிமன்றத்துக்குச் சில்லுக் கதிரையில் போனேன். அவன் கோட் போட்டுக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டு பழையபடி சிரித்தான். அவனுடைய வக்கீல் இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார். நான் இரண்டு நாள் பிந்திச் சொன்னேன். பிரதமரின் பெயர் வாயில் வரவில்லை. வக்கீல் தீர்ப்புச் சொல்ல இருந்த யூரிமாரைத் திரும்பிப் பார்த்தார். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது அரசாங்க வக்கீல் எழும்பி ஒரு கடதாசியை வாசித்தா. நீங்கள் இறந்த காலை அந்த மனேஜர் அடித்தது அதுதான். "குழப்பமாக இருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கு நேர்ஸ் இன்சுலின் போட்டதாகச் சொல்கிறார்." திகதியும் நேரமும் போட்டிருந்தது. இன்சுலின் என்ற பேச்சை வேறு எவரும் எடுப்பதற்கு எட்டு மாசம் முந்தி. உங்களுடைய உடம்பில் தேட ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. என்னைப் பைத்தியம் என்று எழுதின அந்த இரண்டு வரிதான் மிஞ்சியிருந்தது.

நாலு பேரையும் கொன்றது அவன்தான் என்று தீர்ப்பு. உங்களுடைய பெயரையும் வாசித்தார்கள். அதைச் சரியாக உச்சரிக்க முடியாமல், வாசித்த மனிசி இரண்டு தரம் தடுமாறினா. ஏன் செய்தான் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை.

வெளியே சுந்தர் என் காலடியில் குந்தியிருந்து அழுதார். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என் மகள் அவருடைய கையைப் பிடித்து, "சொல்ல விடாதது நான்தான் அண்ணா" என்றாள். பிறகு சுந்தர்தான் என் கதிரையைக் கார் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

இங்கே முன் அறையில் ஓர் இத்தாலிக்கார மனிசி இருக்கிறா. நாள் முழுக்கத் தன் பாசையில் கத்துவா. குழப்பம் என்கிறார்கள். முந்தநாள் வோக்கரைத் தள்ளிக்கொண்டு அவவிடம் போனேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டினா; முழங்கைக்கு மேலே விரல் அழுத்திப் பிடித்த மாதிரி நீலம் பாரித்திருந்தது. பொறுப்பான நேர்சைக் கூப்பிட்டு, எழுது என்றேன். திகதியும் போடு என்றேன். அவள் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

இனி ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குப் போவேன், அக்கா. கால் உள்ள வரைக்கும் போவேன். அவ கத்தி முடியும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மகேஸ்வரி